ஆடலை மீட்ட அரசர்

ஜொகூரின் அபு பாக்காரைப் பற்றி இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் படிக்காதவர் நம்மிடையே குறைவு. நவீன ஜொகூரின் தந்தை என்பது தேர்வுக்காக நாம் மனனம் செய்த விடை. ஆனால், 1881-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவரைக் காண வந்த ஒரு விருந்தினரைப் பற்றி நான் பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகுதான் அறிந்தேன். அவர் பசிபிக் பெருங்கடலின் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகளின் மன்னர். பெயர் டேவிட் கலாக்கௌவா. ஆட்சியில் இருந்தபடியே உலகை முழுவதுமாகச் சுற்றி வந்த முதல் மன்னர் அவர்தான்.

அவர் வாழ்க்கையைத் தேடிப் படிக்கத் தொடங்கிய எனக்கு, உலகப் பயணத்தைவிட வேறொன்று பெரிதாகப் பட்டது. ஹுலா என்னும் ஆடலை நாம் எல்லாரும் ஏதோ ஒரு விளம்பரத்தில் பார்த்திருப்போம். கடற்கரை, பூமாலை, புன்னகை, அசையும் இடுப்பு. அந்த ஆடல் ஒரு காலத்தில் வழிபாடாக இருந்தது. பின்னர் பாவம் என்று தூற்றப்பட்டது. அதன் பின்னர் உரிமக் கட்டணம் கட்டி ஆட வேண்டிய ஒன்றாயிற்று. அதை மீண்டும் அரண்மனை முற்றத்திற்குக் கொண்டு வந்தவர் கலாக்கௌவா. அதற்காக அவர் பெற்ற ஏச்சும் கொஞ்சமல்ல. பண்பாட்டைக் காப்போம் என்று மேடைதோறும் முழங்கும் நமக்கு இவருடைய வாழ்வில் படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. பெருமைப்படத்தக்கதும் உண்டு, எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்கதும் உண்டு.

ஆடலே நூலாக இருந்த காலம்

ஹவாய் மக்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை எழுத்து வடிவம் இல்லை. குலவரலாறு, தெய்வக்கதை, கடற்பயணம், தலைவர்களின் புகழ் என அனைத்தும் மெலே எனப்படும் பாடல்களிலேயே சேமிக்கப்பட்டிருந்தன. அந்தப் பாடலுக்கு உடல் கொடுப்பதுதான் ஹுலா. சொல் இல்லாமல் ஹுலா இல்லை. கையும் காலும் கண்ணும் பாடலின் பொருளைச் சொல்லும். ஆகவே, ஆடுபவருக்குப் பாடலின் பொருள் தெரியாவிட்டால் அது வெறும் அசைவாகிவிடும்.

ஹாலாவ் எனப்படும் ஆடற்பள்ளியில் லாக்கா என்னும் தெய்வத்திற்குப் பீடம் இருக்கும். லாமா மரக்கட்டை ஒன்றை மஞ்சள் நிற மரப்பட்டைத் துணியால் சுற்றி அப்பீடத்தில் வைப்பார்கள். அதுவே தெய்வத்தின் குறி. காட்டிலிருந்து பறித்து வந்த இலைகளாலும் கொடிகளாலும் அதனை அலங்கரிப்பார்கள். பயிற்சிக் காலத்தில் மாணவர்கள் கடுமையான நோன்புக் கட்டுப்பாடுகளைக் கடைப்பிடிக்க வேண்டும். சுறாத்தோல் போர்த்திய பாஹு என்னும் முரசும், சுரைக்குடுவையால் செய்த இப்பு என்னும் தாளக்கருவியும் பக்கத்துணை. எரிமலைத் தெய்வமாகிய பேலேயையும் அவளுடைய தங்கை ஹியாக்காவையும் பற்றிய நெடுங்கதையில்தான் ஹுலாவின் வேர் இருக்கிறது.

1778-இல் கேப்டன் குக் அந்தத் தீவுகளை அடைந்தார். அவருக்குப் பின் கப்பல்கள் வரத் தொடங்கின. கப்பல்களோடு நோய்களும் வந்தன. மிகக் குறைந்த மதிப்பீட்டின்படியே லட்சக்கணக்கில் இருந்த மக்கள்தொகை நூறு ஆண்டுகளுக்குள் சரிந்தது. 1872-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த மக்கள்தொகை 57,000-ஐக்கூட எட்டவில்லை. அவர்களில் ஹவாய் இனத்தவரும் ஹவாய்க் கலப்பினத்தவரும் சேர்ந்து ஏறக்குறைய 51,500 பேர்தான்.

1819-இல் ஹவாய் அரசகுலத்தினரே தங்கள் பழைய சமய விதிமுறைகளை நீக்கினார்கள். மறு ஆண்டு அமெரிக்கச் சமயப் பரப்பாளர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் ஹவாய்மொழிக்கு எழுத்து வடிவம் தந்தார்கள், அச்சகம் அமைத்தார்கள், பள்ளிகள் திறந்தார்கள். அதே கையோடு ஹுலாவை ஆபாசமென்றும் சோம்பேறித்தனமென்றும் கண்டித்தார்கள். கிறிஸ்துவ சமயத்தைத் தழுவிய அரசி காஹுமானு 1830-இல் பொது இடங்களில் ஹுலா ஆடுவதைத் தடை செய்தார். தடை போட்டவர் அந்நியர் அல்லர், சொந்த நாட்டு அரசி என்பதை இங்கே மறைக்கக்கூடாது. ஒரு பண்பாட்டைப் பிறர் இழிவென்று சொல்லிக்கொண்டே இருந்தால், ஒரு நாள் அதற்கு உரியவர்களே அப்படிச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். பின்னர், 1859-இல் வந்த சட்டம் பொது ஹுலாவுக்கு உரிமம் கட்டாயம் என்றது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கட்டணம் 10 டாலர். ஏழை ஆடற்குழுவுக்கு அது பெருந்தொகை.

ஆனாலும், ஹுலா சாகவில்லை. நாட்டுப்புறங்களில், சமயப் பரப்பாளர்களின் கண்ணுக்கு எட்டாத இடங்களில், ஆசிரியர்கள் அதைக் கற்பித்துக்கொண்டே இருந்தார்கள். பெயர் தெரியாத அவர்கள் இல்லையென்றால் பிற்காலத்தில் எந்த மன்னராலும் எதையும் மீட்டிருக்க முடியாது.

இரண்டு உலகங்களில் வளர்ந்தவர்

கலாக்கௌவா 1836-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் ஹொனலூலுவில் பிறந்தார். தந்தை கப்பாக்கேயா, தாய் கெயொஹொக்காலொலே. இருவருமே உயர்குலத் தலைவர்கள். நான்கு வயதிலேயே அவர் தலைவர்களின் பிள்ளைகளுக்கென்று அமெரிக்கச் சமயப் பரப்பாளர்களான குக் தம்பதியர் நடத்திய உண்டுறை பள்ளியில் சேர்க்கப்பட்டார். அங்கு ஆங்கிலமும் கணிதமும் விவிலியமும் கற்பித்தார்கள். அதே 1840-ஆம் ஆண்டில் அவருடைய பாட்டனார் மனைவியைக் கொன்ற குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்டார். பழைய தலைவர்களின் காலம் முடிந்து சட்டத்தின் காலம் தொடங்கிவிட்டதை அந்தக் குழந்தை இப்படித்தான் அறிய நேர்ந்தது.

ஆங்கிலப் பள்ளி அவரை ஆங்கிலேயராக்கிவிடவில்லை. இரண்டு மொழிகளிலும் அவர் புலமை பெற்றார். இளமையில் சட்டம் பயின்று அரசுப் பணிக்கு வந்தார். 1861-இல், இருபத்து நான்கு வயதில், ஹவாய் மக்களே நடத்திய முதல் ஹவாய்மொழி இதழின் தொடக்கத்தில் முன்னின்றார். அதன் பெயருக்குப் பசிபிக்கின் விண்மீன் என்று பொருள். ஹியாக்காவின் நெடுங்கதை பாடல்களோடு அவ்விதழில்தான் தொடராக வெளிவந்தது. மேடையில் ஆட முடியாததை அச்சில் ஏற்றினார்கள். சமயப் பரப்பாளர்கள் கொண்டுவந்த அச்சுப்பொறியே அவர்கள் ஒடுக்க நினைத்ததைக் காப்பாற்றும் கருவியாயிற்று. ஆண்டுதோறும் மலர் வெளியிடப் பணமின்றி அல்லாடும் நம் போன்ற மொழிக்கழகத்தினர்க்கு இச்செய்தி கொஞ்சம் தெம்பளிக்கும்.

அவருடன் பிறந்தவர்களும் கலைஞர்கள். தங்கை லிலியுவொக்கலானி பின்னாளில் ஹவாயின் கடைசி அரசி. அவரும் தங்கை லிக்கெலிக்கேயும் தம்பி லெலேயோஹொக்குவும் கலாக்கௌவாவும் பாடலாசிரியர்களாக இன்றுவரை ஒருசேரப் போற்றப்படுகிறார்கள். கலாக்கௌவா 1874-இல் இயற்றிய வாழ்த்துப்பாடல் இன்று ஹவாய் மாநிலத்தின் பாடலாக விளங்குகிறது.

வாக்குப்பெட்டியில் கிடைத்த மணிமுடி

கமேஹமேஹா வழிவந்த மன்னர் ஐந்தாம் கமேஹமேஹா 1872-இல் வாரிசை அறிவிக்காமல் இறந்தார். அடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட லுனாலிலோவும் 1874 பிப்ரவரியில் மறைந்தார். மன்னரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சட்டமன்றத்திற்கு வந்தது. ஒருபக்கம் கலாக்கௌவா, மறுபக்கம் மறைந்த நான்காம் கமேஹமேஹாவின் துணைவியாகிய எம்மா. 39-க்கு 6 என்ற வாக்குகளில் கலாக்கௌவா வென்றார். ஆனால், எம்மாவின் ஆதரவாளர்கள் ஆத்திரமடைந்து சட்டமன்ற உறுப்பினர்களைத் தாக்கினார்கள். கலகத்தை அடக்க அமெரிக்க, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களிலிருந்து படையினர் இறங்கினார்கள். சொந்த மக்களில் ஒரு பகுதியினரின் எதிர்ப்பும் அந்நியப் படையின் துணையும் ஒன்றாகச் சேர்ந்த தொடக்கம் அது.

ஆட்சிக்கு வந்த ஆண்டிலேயே அவர் அமெரிக்கா சென்றார். அந்நாட்டிற்குச் சென்ற முதல் ஆட்சியிலுள்ள மன்னர் அவர்தான். அந்த முயற்சியின் பயனாக 1875-இல் வணிக உடன்படிக்கை கையெழுத்தானது. ஹவாய்ச் சர்க்கரை வரியின்றி அமெரிக்கச் சந்தைக்குள் நுழைந்தது. நாடு செழித்தது, ஆனால் அந்தச் செழிப்பு பெரும்பாலும் அமெரிக்க வம்சாவளித் தோட்ட முதலாளிகளின் கைக்கே போனது. பின்னாளில் மன்னரின் அதிகாரத்தைப் பறித்த கூட்டத்திற்கு வலிமை தந்தது இந்தச் சர்க்கரைதான்.

ஜொகூருக்கு வந்த விருந்தினர்

1881 ஜனவரி 20-ஆம் நாள் கலாக்கௌவா உலகப் பயணத்திற்குப் புறப்பட்டார். நோக்கங்கள் இரண்டு. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும், தேய்ந்துகொண்டிருந்த மக்கள்தொகையும் நிரம்ப வேண்டும். தம் மக்களோடு கலந்து வாழக்கூடிய இனத்தவரை ஆசியாவில் தேடலாம் என்று மன்னர் எண்ணினார். உடன் சென்றவர்களில் ஒருவரான ஆர்ம்ஸ்ட்ராங் குடிவரவு ஆணையர் என்ற பொறுப்பையும் ஏற்றிருந்தார்.

மலேசியத் தமிழன் ஒருவனால் இந்த இடத்தைச் சட்டென்று கடந்து போக முடியாது. மன்னர் ஜொகூரிலிருந்து பினாங்கு சென்ற அந்த நாளில், எதிர்க்கரையிலிருந்த செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களில் நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக வெயிலில் வெந்துகொண்டிருந்தார்கள். அவருடைய நாட்டின் தேவையும் அதே வகைத் தேவைதான். 1885-இல் ஜப்பானியத் தொழிலாளர்கள் ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்குப் பெருமளவில் செல்லத் தொடங்கினார்கள். ஒரு மண்ணின் பண்பாட்டைக் காக்க விழைந்த அதே அரசர் இன்னொரு மண்ணின் மக்களைக் கூலிக்குத் தேடினார் என்பதும் அவர் வாழ்க்கையின் ஒரு பகுதி.

ஜப்பானில் பேரரசர் மெய்ஜியைச் சந்தித்தபோது ஆசிய, பசிபிக் நாடுகளின் கூட்டமைப்பு ஒன்றுக்குப் பேரரசர் தலைமை ஏற்க வேண்டுமென்று கலாக்கௌவா கேட்டுக்கொண்டார். தம் ஐந்து வயது மருமகள் கையுலானியை ஜப்பானிய இளவரசர் ஒருவருக்கு மணமுடிக்கவும் எண்ணினார். ஜப்பான் இரண்டையும் பணிவோடு மறுத்துவிட்டது. சீனா, ஹாங்காங், சயாம் வழியாகச் சிங்கப்பூர் வந்தார். அங்கிருந்து ஜொகூர்.

அபு பாக்காரைக் கண்டதும் கலாக்கௌவாவுக்கு 1877-இல் இறந்துபோன தம் தம்பி லெலேயோஹொக்குவின் நினைவு வந்தது. முகமும் தோற்றமும் அத்தனை ஒத்திருந்தன. இருவரும் தத்தம் மொழிச் சொற்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தாம் ஒரே மூலத்தைச் சேர்ந்தவர்கள் என்ற எண்ணம் வலுப்பட்டது. பிற்கால மொழியியலும் இதை உறுதி செய்கிறது. இரண்டுமே ஆஸ்ட்ரோனேசிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. மலாயில் ஐந்து என்பதற்கு லிமா, ஹவாய்மொழியிலும் லிமா. கண் இங்கே மாத்தா, அங்கே மாக்கா. வானம் இங்கே லாங்கிட், அங்கே லானி. நெருப்பு இங்கே அப்பி, அங்கே அஹி. தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் பயின்ற எனக்கு, ஆறாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள ஒரு மொழியின் சொற்கள் பழகிய சொற்களைப் போல் காதில் விழுந்தன.

அங்கிருந்து பினாங்கு, ரங்கூன், கல்கத்தா, பம்பாய், எகிப்து, ரோம், லண்டன் என்று பயணம் தொடர்ந்தது. போப்பாண்டவரையும் விக்டோரியா மகாராணியாரையும் கண்டார். நியூயார்க்கில் தாமஸ் எடிசனைச் சந்தித்து மின்விளக்கைப் பற்றிக் கேட்டறிந்தார். வெள்ளை மாளிகைக்கு மின்விளக்கு வருவதற்கு முன்பே அவருடைய இயோலானி அரண்மனையில் மின்விளக்கு எரிந்தது. 1881 அக்டோபர் இறுதியில் நாடு திரும்பினார். தாம் கண்ட அரசவைகளில் எல்லாம் அந்தந்த நாட்டுக் கலைகள் அரச மரியாதையோடு வீற்றிருந்ததை அவர் பார்த்திருந்தார். தம் நாட்டுக் கலையோ உரிமச் சீட்டோடு ஓரமாக நின்றது.

முற்றத்திற்கு வந்த முரசு

1883 பிப்ரவரி 12-ஆம் நாள், தேர்ந்தெடுக்கப்பட்டு ஒன்பது ஆண்டுகள் நிறைந்த அன்று, கலாக்கௌவா முடிசூட்டு விழா நடத்தினார். கிரீடத்தைத் தம் கையாலேயே எடுத்துத் தலையில் சூடிக்கொண்டார். ஏறக்குறைய இரண்டு வாரம் கொண்டாட்டம். அந்த நாட்களில் அரண்மனை வளாகத்திலேயே பல தீவுகளிலிருந்தும் வந்த ஹுலாக் குழுக்கள் பொதுமக்கள் முன்னிலையில் ஆடின. அரை நூற்றாண்டாக ஒளிந்து வாழ்ந்த முரசொலி நாட்டின் நடு மையத்தில் கேட்டது.

இரு நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் நிகழ்ச்சிநிரலாக ஹவாய்மொழியில் அச்சிடப்பட்டன. அவற்றில் சில தலைவர்களின் குலம் தழைக்க வேண்டி அவர்களது உறுப்புகளைப் புகழ்ந்து பாடும் மரபுப் பாடல்கள். ஹவாய் மக்களுக்கு அது வம்சவிருத்தி வேண்டும் வாழ்த்து. எதிர்ப்பாளர்களுக்கோ அது ஆபாசம். அந்த நிரலை அச்சிட்டது தொடர்பாக வழக்கே தொடரப்பட்டது. நாட்டின் மன்னர் விழாவில் பாடப்பட்ட பாடலை அச்சிட்டதற்கு அந்த நாட்டின் நீதிமன்றத்திலேயே குற்றச்சாட்டு. ஒரு சொல்லின் பொருளை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி இதைவிடத் தெளிவாக எழ முடியாது.

1886 நவம்பரில் அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள் விழாவிலும் ஹுலா முதலிடம் பெற்றது. பழைய அடவுகளும் புதிய இசையும் கலந்த ஹுலா குயி என்னும் புதுவடிவம் அக்காலத்தில் பரவியது. 1879-இல் போர்த்துகலின் மடைரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் சிறு கித்தார், ஹவாயில் உக்குலேலே ஆயிற்று. மன்னர் அதை ஆர்வத்தோடு ஆதரித்தார். ஆகவே, அவரை வெறும் பழைமைவாதி என்று சொல்ல இயலாது. வேரைக் காத்தார், புதிய கிளையையும் வெட்டவில்லை.

அவர் செய்தவற்றுள் நான் மிகப் பெரிதாகக் கருதுவது ஆட்டத்தை மட்டும் மீட்காமல் ஆட்டத்திற்கு உயிரான சொல்லையும் மீட்டதுதான். குலவரலாறுகளைத் தொகுக்கக் குழு அமைத்தார். 1888-இல் ஹவாய்த் தொன்மங்களை ஆங்கில நூலாக வெளியிட்டார். 1889-இல் குமுலிப்போ என்னும் படைப்புப் பாடலை அச்சில் கொண்டுவந்தார். இரண்டாயிரம் வரிகளுக்கு மேல் நீளும் அப்பாடல் இருளில் தொடங்கி, பவளம், மீன், பறவை என உயிர்களை ஒவ்வொன்றாகப் பிறப்பித்து மன்னரின் குலத்தில் வந்து முடிகிறது. அதுவரை அது மனிதர்களின் நினைவில்தான் பெரும்பாலும் வாழ்ந்தது. அவருடைய தங்கை பின்னாளில் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1897-இல் வெளியிட்டார்.

துப்பாக்கி முனையில் ஒரு கையெழுத்து

கலாக்கௌவாவைக் குறையற்றவர் என்று சொல்வது வரலாறு ஆகாது. அரண்மனைக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல் செலவாயிற்று. அரசின் கடன் ஏறியது. அபினி விற்பனை உரிமம் தொடர்பாக 71,000 டாலர் பெற்றுக்கொண்டார் என்ற குற்றச்சாட்டு அவர் பெயரைக் கெடுத்தது. எதிரிகள் அவரைக் கேளிக்கை மன்னர் என்று இகழ இத்தகைய குறைகள் வசதியாக அமைந்தன.

ஆனால், எதிரிகளுக்கு உண்மையில் பிடிக்காதது வேறு. 1886 இறுதியில் அவர் சமோவாவுக்குத் தூதுக்குழு அனுப்பினார். 1887 பிப்ரவரியில் சமோவா மன்னர் மலியேத்தோவா லவுப்பெப்பா ஹவாயோடு கூட்டமைப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். ஜொகூரில் அரும்பிய உறவு எண்ணம் அரசியல் வடிவம் கொள்ள முயன்றது. சமோவாவைத் தன் பிடியில் கொண்டுவர நினைத்த ஜெர்மனி சினந்தது. அதே ஆண்டில் அது மலியேத்தோவாவை நாடு கடத்தியது. கூட்டமைப்புக் கனவு அத்தோடு முடிந்தது.

1887 ஜூலை 6-ஆம் நாள், ஆயுதம் தாங்கிய தன்னார்வப் படையின் மிரட்டலுக்கு நடுவே, புதிய அரசியலமைப்பில் கலாக்கௌவா கையெழுத்திட்டார். துப்பாக்கிமுனை அரசியலமைப்பு என்றே அது வரலாற்றில் அழைக்கப்படுகிறது. மன்னரின் அதிகாரம் பறிக்கப்பட்டது. சொத்து, வருமானத் தகுதியால் ஹவாய் மக்களில் பெரும்பாலோர் மேலவைக்கு வாக்களிக்க இயலாமல் போயிற்று. ஆசியர்களுக்கு வாக்குரிமை அறவே இல்லை. அதே ஆண்டில் பேர்ள் துறைமுகத்தைப் பயன்படுத்தும் தனியுரிமை அமெரிக்காவுக்குப் போனது. 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகை ஏறக்குறைய 90,000. அவர்களில் ஹவாய் இனத்தவர் கலப்பினத்தவரையும் சேர்த்து 40,600 அளவே. சொந்த நாட்டில் அவர்கள் சிறுபான்மையாகிவிட்டிருந்தார்கள்.

உடல்நலம் குன்றிய மன்னர் 1890 இறுதியில் கலிபோர்னியா சென்றார். 1891 ஜனவரி 20-ஆம் நாள், உலகப் பயணம் புறப்பட்ட அதே தேதியில், பத்து ஆண்டுகள் கழித்து, சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தங்கும் விடுதியில் சிறுநீரக நோயால் காலமானார். வயது 54. சாவதற்குச் சில நாள் முன் எடிசனின் ஒலிப்பதிவுக் கருவியில் தம் மக்களுக்காக ஹவாய்மொழியில் பேசினார். அந்த மெழுகு உருளை ஹொனலூலுவிலுள்ள பிஷப் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால், அதிலிருந்த குரல் அழிந்துவிட்டது. அவர் உயிரோடு திரும்புவார் என்று வரவேற்பு வளைவுகள் கட்டிக் காத்திருந்த ஹொனலூலு மக்கள், கொடி தாழ்ந்த கப்பலைக் கண்டு அலங்காரத்தை அவிழ்த்துக் கறுப்புத் துணி கட்டினார்கள்.

அவருக்குப் பின்

தங்கை லிலியுவொக்கலானி அரியணை ஏறி இரண்டே ஆண்டுகளில், 1893 ஜனவரி 17-ஆம் நாள், அரசு கவிழ்க்கப்பட்டது. 1898-இல் ஹவாய் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடையில் 1896-இல் வந்த ஒரு சட்டம் என்னை மிகவும் உலுக்கியது. பள்ளிகளின் பயிற்றுமொழி ஆங்கிலமே என்றது அச்சட்டம். சில ஆண்டுகளுக்குள் ஹவாய்மொழிப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒரு தலைமுறை வீட்டில் தாய்மொழி கேட்டும் பள்ளியில் அதைப் படிக்காமலும் வளர்ந்தது. அதற்கடுத்த தலைமுறைக்கு வீட்டிலும் கேட்கவில்லை. ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்ததால்தான் இக்கட்டுரையை என்னால் தமிழில் எழுத முடிகிறது. அந்த ஆறாண்டு என்னவென்பதை ஹவாய் வரலாறு எனக்கு உணர்த்தியது.

மொழி போன பிறகு ஹுலா என்னவாயிற்று? ஆட்டம் இருந்தது. சொல்லப்போனால், முன்னைவிட அதிகமாக இருந்தது. பயணிகளுக்காக, திரைப்படத்திற்காக, புகைப்படத்திற்காக ஆடினார்கள். படச்சுருள் நிறுவனமாகிய கோடாக்கின் பெயரில் ஹொனலூலுவில் 1937 முதல் 2002 வரை ஒரு ஹுலாக் காட்சி நடந்து வந்தது. பயணிகள் படம் பிடிக்க ஏதுவாக நல்ல வெயிலில் பகலில் நடத்தப்பட்ட காட்சி அது. பார்ப்பவருக்குச் சொல் தேவைப்படவில்லை. ஒரு கலை தடையால் மட்டும் அழிவதில்லை, கைதட்டலாலும் தேய்வதுண்டு.

இருந்தும், கலாக்கௌவா அச்சில் ஏற்றியவையும், நாட்டுப்புற ஆசிரியர்கள் குடும்பம் குடும்பமாகக் காத்தவையும் வீண்போகவில்லை. 1964-இல் ஹவாய்த் தீவிலுள்ள ஹீலோ நகரில், கேளிக்கை மன்னர் என்ற அவருடைய பட்டப்பெயரிலேயே ஒரு விழா தொடங்கியது. 1971 முதல் அங்கே ஹுலாப் போட்டி நடக்கிறது. எதிரிகள் இகழ்ச்சியாகச் சொன்ன பெயர் புகழ்ப்பெயராயிற்று. பழைய பாஹு முரசோடும் மந்திரப் பாடலோடும் ஆடும் தொன்மை ஹுலா அவ்விழாவின் உயிர்நாடி. 1978-இல் ஹவாய்மொழி மாநிலத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றாயிற்று. 1984-இல் ஹவாய்மொழியிலேயே நடத்தப்படும் பாலர் பள்ளி தொடங்கியது. ஆடக் கற்க வந்த இளைஞர்கள் பாடலின் பொருள் தேடி மொழிக்கும் வந்து சேர்ந்தார்கள்.

ஹுலா எல்லை கடந்தும் போயிற்று. 1966-இல், நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு வந்த ஜப்பானின் இவாக்கி நகரில், சுரங்கத் தொழிலாளர்களின் பெண்கள் ஹுலா ஆடும் கேளிக்கை மையம் ஒன்று திறக்கப்பட்டது. அவ்வூரின் கதையை 2006-இல் ஒரு திரைப்படமும் சொன்னது. இன்று ஜப்பானில் எண்ணற்றோர் ஹுலா பயில்கிறார்கள். பலர் ஹவாய் ஆசிரியர்களிடம் முறையாகக் கற்று, பாடலின் பொருளையும் படித்து ஆடுகிறார்கள். அவர்களைப் பார்க்கையில், ஒரு கலைக்கு உரிமை பிறப்பால் வருமா, உழைப்பால் வருமா என்ற கேள்வி எழுகிறது. ஹவாய் ஆசிரியர்களே இதில் ஒத்த கருத்துடையவர்கள் அல்லர். என் எண்ணம் இதுதான்: யாரும் கற்கலாம், ஆனால் அது யாருடைய சொல் என்பதை மறந்துவிட்டுக் கற்க இயலாது.

நம் பல்கலைக்கழகங்களில் ஆண்டுதோறும் கலை இரவு நடத்துகிறோம். காவடியும் கரகமும் பறையும் மேடையேறுகின்றன. ஐந்து நிமிடத்திற்குள் முடிய வேண்டும், அரங்கம் அதிர வேண்டும் என்பதே பெரும்பாலும் நம் கவலை. காவடி எதற்காகத் தூக்கப்படுகிறது, கரகத்தின் நீர் எந்தத் தெய்வத்தின் முன் இறக்கப்படுகிறது, பறையின் அடிகளுக்கு என்ன பெயர் என்று ஆடுபவரிடம் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? மேடை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. கலாக்கௌவாவும் மேடைதான் தந்தார். ஆனால், அவர் மேடையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. முதியவர்களைத் தேடினார், பாடலைக் கேட்டார், எழுதி வைத்தார், அச்சிட்டார்.

நம் தோட்டப்புறங்களில் இன்னும் சில தாத்தாக்களும் பாட்டிகளும் இருக்கிறார்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பாடிய உடுக்கைப் பாட்டும் கும்மிப் பாட்டும் அவர்கள் நினைவில் இருக்கின்றன. தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகிக்கொண்டிருக்கும் நாட்டில் அந்த நினைவுக்கு நெடுநாள் தவணை கிடையாது. நமக்கு மெழுகு உருளை வேண்டியதில்லை, கைப்பேசி போதும். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஆளுக்கொரு பாட்டைப் பதிவு செய்து, பொருளோடு எழுதிக்கொண்டு வருவோம். அடுத்த ஆண்டு இம்மலரில் அவற்றுக்கென்று சில பக்கங்களை ஒதுக்குமாறு ஆசிரியர் குழுவை இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.